திரும்பி வரும்போது மட்டும்

"என்ன மாதிரி சத்தம்னு சொல்லுங்க" என்று கேட்டார் பட்டறைக்காரர். "உறுமுகிறது" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. "கடகடவா, கரகரவா? இல்ல, தூரத்துல மாவு மில்லு ஓடுற மாதிரி ஒரே சீரா வருதா?"

இருபது வருடங்களாகச் சிறுபத்திரிகை வாசித்து, உள்ளூர் இலக்கியக் கூட்டங்களில் சொல் நுட்பம் பற்றி நாலு வார்த்தை பேசியும் வந்தவன், ஒரு சத்தத்தைச் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பிரிக்காமல் வைத்தால் எவ்வளவு பொருள் தரும் என்பதைப் பட்டறையில்தான் அறிந்தேன். கடகட என்றால் ஏதோ ஒன்று கழன்றிருக்கிறது. கரகர என்றால் கிரீஸ் வற்றிய பேரிங். கீச்கீச் என்றால் காய்ந்துபோன ரப்பர் புஷ். கியர் போட்டு கிளட்சை விடும்போது 'டொக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டால் ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூட ஊளையாக நீண்டால் பின்னச்சின் கிரவுன் பல்லைப் பார்க்க வேண்டும். நோயாளி சொல்லும் அடைமொழியைக் கொண்டே பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது.

என் வண்டியின் சத்தம் இவற்றில் எதுவும் இல்லை. அது ஒரு குமுறல். காதால் கேட்பதற்கு முன் இருக்கையின் அடியில் உணரப்படுவது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது எழுந்து, சற்று நேரம் வண்டியின் வயிற்றில் உருண்டு, வேகம் பிடித்ததும் தணிந்துவிடும். சில நாள் வரும். சில நாள் வராது. பட்டறை வாசலில் ஒருபோதும் வராது.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஒரு பழைய பிக்கப். ஒன்றரை டன் வரை ஏற்றலாம். எனக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பன்னிரண்டு வருடம் ஓட்டியது. தாராபுரத்துக்கும் கள்ளிமந்தையத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் முதன்முதலாகப் புத்தக அலமாரி வைத்திருந்த மனிதர் அவர். பள்ளிக்கூட நாட்களில் அந்த அலமாரியிலிருந்து எடுத்துப்போன புத்தகங்கள்தாம் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தன. நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். திருப்பித் தராவிட்டால் கேட்கமாட்டார். ஆனால் அந்த இடத்தை வேறு புத்தகம் வைத்து நிரப்பவும் மாட்டார். அலமாரியில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து நாமாகவே வெட்கப்பட்டுக் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரவில் ஓட்ட முடியவில்லை என்று வண்டியை விற்க முடிவுசெய்தார். வெளியே கேட்டிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எனக்கு ₹3,60,000-க்குத் தந்தார். அதிலும் 60,000 ரூபாயை வெங்காயம் எடுத்த பிறகு கொடுத்தால் போதும் என்றார். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "கோளாறு ஒண்ணும் இல்லை மாப்ளே. இருந்தா சொல்லித்தான் குடுப்பேன்" என்றார். மாசி மாதம் அது.

குமுறலை முதலில் கேட்டது ஆடி மாதத்தில். எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் தாராபுரத்தைச் சுற்றிலும் காற்றாலைகளை நட்டுவைத்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் வெங்காயத்தை இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்கிறது என்றே முதலில் நினைத்தேன். இறங்கி மடித்துக் கட்டினேன். மறுபடி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அண்ணா, அடியில ஏதோ பேசுது" என்றான். எனக்கு உடன் வரும் பையன் அவன். பத்தொன்பது வயது. அவன் அம்மா ஒவ்வொரு நாளும் விடிகாலையில் வாசலில் நின்று வண்டியின் பின்விளக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அடியில் பேசுவது எதுவாக இருந்தாலும் அதைக் கேட்காததுபோல் ஓட்ட என்னால் முடியாது.

பழக்கதோஷத்தால் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்தச் சாலை, எந்த கியர், எவ்வளவு வேகம், வெயிலா மழையா, எவ்வளவு தூரம் ஓடியபின் வந்தது என்று கட்டம் கட்டமாகக் கோடிழுத்து எழுதிவைத்தேன். இரண்டு வாரத்தில் ஒன்று தெளிவானது. காலையில் போகும்போது வருவதில்லை. மத்தியானம் திரும்பும்போதுதான் வருகிறது. ஆகவே சூடு என்று முடிவுகட்டினேன். ஏதோ ஒன்று சூடேறிய பிறகு உறுமுகிறது. மிக நேர்த்தியான முடிவு. தவறானதும்கூட.

சந்தைக்குப் போகும் வழியில் விடியும் முன்பே திறந்துவிடும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே நிறுத்தினேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப்பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே" என்றார். நான் வற்புறுத்தியதால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினார். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் இப்படி உறுமும். இடம் மாற்றினால் சத்தமும் இடம் மாறிக் கேட்கும். மாறவில்லை.

இரண்டாவது ஆள் சக்கர பேரிங் என்றார். அவரிடமிருந்து ஒரு பரிசோதனையைக் கற்றுக்கொண்டேன். ஓடும்போது வண்டியை லேசாக இடப்பக்கம் வளைத்தால் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். வலப்பக்க பேரிங் கெட்டிருந்தால் அந்த நேரத்தில் சத்தம் கூடும். வலப்பக்கம் வளைத்தால் நேர்மாறு. ஆளில்லாத நேராண சாலையில் பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட்டிப் பார்த்தேன். எதிரே டிவிஎஸ் 50-இல் வந்த பெரியவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நான் கடந்துபோகும் வரை என்னையே பார்த்தார். குமுறல் எந்தப் பக்கமும் சாயவில்லை. இருந்தும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, நான்கு பேரிங்குகளையும் கழற்றிக் கழுவிக் கிரீஸ் அடைத்துக் கொடுத்தார். ஒரு நாள் கூலியும் ஒரு நாள் சந்தையும் போயின.

இதற்குள் நானே ஒன்றைக் கவனித்திருந்தேன். சத்தம் வரும் வேளையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே அடங்கிவிடுகிறது. டயரோ சக்கர பேரிங்கோ என்றால் வண்டி உருளும் வரை சத்தமும் உருள வேண்டும். நின்றபடி எஞ்சினை முடுக்கினாலும் இல்லை. ஆகவே எஞ்சினின் இழுவிசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழியில்தான் எங்கோ இருக்கிறது. மூன்றாமவர் கிரவுன் என்றார். அடியில் தட்டு வைத்து ஆயிலை வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவினார். பல் உடைந்திருந்தால் காந்தத்தில் இரும்புத் துணுக்குகள் ஒட்டும். ஒன்றும் ஒட்டவில்லை. புது ஆயில் ஊற்றினார்.

மூன்று பட்டறை ஏறி இறங்கிய பிறகு ஒரு மனிதனுக்குள் என்ன நடக்கும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. சத்தத்துக்குக் காரணம் கிடைக்காதபோது மனம் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. ஏன் அவசரமாக விற்றார்? ஏன் வெளியே விற்கவில்லை? விலையை ஏன் குறைத்தார்? ஆறு மாதத்துக்கு முன் அன்பாகத் தெரிந்த ஒவ்வொன்றும் இப்போது சாட்சியாக மாறி வந்து நின்றது. கண் அறுவைச் சிகிச்சையைக்கூட நான் சந்தேகித்தேன் என்று எழுதும்போது கை கூசுகிறது.

ஓர் இரவு போன் செய்தேன். "மாமா, தெரிஞ்சேதான் வித்தீங்களா?" என்று கேட்டேன். நலம் விசாரிக்கவில்லை, முன்னுரை எதுவும் இல்லை.

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "நான் ஓட்டுனப்ப வரலை மாப்ளே" என்றார். இன்னும் சற்றுக் கழித்து, "மிச்சப் பணத்தை நீயே வெச்சுக்க. வண்டியைச் சரிபண்ணிக்க" என்றார். அந்தப் பெருந்தன்மையையும் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, விடிகாலை நாலு மணிக்கு வாசலில் வந்து நின்றார். "நானும் வர்றேன். கேட்டுப் பாக்கறேன்" என்றார். முப்பது மூட்டைக்கு மேல் ஏற்றியிருந்தோம். பையன் மூட்டைகளின் மேல் ஏறிக்கொள்ள, அவர் என் பக்கத்தில் அமர்ந்தார். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு, கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தபடி வந்தார். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. சந்தை வாசலில் இறங்கி, "ஒண்ணும் கேக்கலையே" என்றார். பழனியில் ஏதோ காரியம் இருந்ததால் அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டார். மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். சந்தை முக்கைத் தாண்டி மூன்றாம் கியரைத் தொட்டதும் குமுறல் எழுந்தது. அவர் வேண்டுமென்றே திரும்பும் பயணத்தைத் தவிர்த்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.

பதில் கிடைத்தது ஒட்டன்சத்திரத்திலேயே. சுமைக்கூலிக்காரர் ஒருவர், சந்தைக்குப் பின்னால் பழைய லாரி மேஸ்திரி ஒருவர் இருப்பதாகச் சொன்னார். எழுபது வயது இருக்கும். பழுது பார்ப்பதை விட்டுவிட்டு, மகனுடைய பட்டறை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நோட்டைப் பெருமையோடு நீட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

"எப்ப வரும் தம்பி?"

"திரும்பும்போதுங்க. மத்தியானம். சூடானப்புறம்."

"காலையில?"

"வராதுங்க."

"காலையில வண்டியில என்ன இருக்கும்?"

"வெங்காயம்."

"மத்தியானம்?"

நான் வாயைத் திறந்து மூடினேன். என் நோட்டில் வெயிலுக்குக் கட்டம் இருந்தது, காற்றுக்குக் கட்டம் இருந்தது. சுமைக்குக் கட்டம் இல்லை.

மகனை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காலி வண்டி. சந்தைக்குப் பின்புறச் சாலையில் மூன்றாம் கியருக்கு வந்ததும் குமுறியது. அவர் தலையை மட்டும் அசைத்தார். திரும்பி வந்து, நிழலில் நின்ற சுமைக்கூலிக்காரர்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏறச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அதே சாலை, அதே கியர். குமுறல் பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு ஓட்டினோம். முழுதாக வந்தது. மூன்று பட்டறையும் ஒரு மாதமும் ஒரு நோட்டும் செய்யாததை, ஏழெட்டு மனிதர்களின் எடை கால் மணி நேரத்தில் செய்து முடித்தது.

மகன் வண்டிக்கு அடியில் படுத்தார். சற்று நேரத்தில் குரல் வந்தது. "அப்பா, கமான் பட்டையில ஒண்ணு புதுசு."

"யாரு போட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பெரியவர்.

நான்தான். ஆடி பிறந்த முதல் வாரத்தில், வெங்காயம் எடுக்கத் தொடங்குவதற்கு முன், இன்னும் ஐந்தாறு மூட்டை கூடுதலாக ஏற்றலாமே என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்துப் போட்டுக்கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். பதிவுப் புத்தகம் அனுமதிக்கும் எடைக்கு மேல் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்தது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் சத்தம் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது என்பதால் இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. அல்லது, சேர்த்து நினைக்க விரும்பவில்லை.

அவர் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட், இந்த நீளமான வண்டிகளில் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பர் வளையத்துக்குள் பொதிந்த ஒரு சென்டர் பேரிங் அதைத் தாங்கிப்பிடிக்கும். துண்டுகள் சேரும் இடங்களில் சிலுவை வடிவ மூட்டுகள். மூட்டு மடங்கிய நிலையில் சுழன்றால், உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இராது; ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த மூட்டு இது என்று பின்னர் வாசித்தேன். பெரியவருக்கு ஹூக்கைத் தெரியாது. "ஒரே மாதிரி மடங்கினா ஒண்ணு கெடுக்கிறதை இன்னொண்ணு சரிபண்ணிடும். ஒண்ணு மட்டும் அதிகமா மடங்கினா ஒதறும்" என்றார். அதற்குமேல் சேர்க்க ஹூக்கிடமும் அதிகம் இருந்திருக்காது.

புதுப் பட்டை வில்லின் வளைவைக் கூட்டிவிட்டது. காலியாக இருக்கும்போது வண்டியின் பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. உடல் உயர, அச்சு கீழே தங்க, பின்மூட்டு அளவுக்கு மேல் மடங்கியது. முடுக்கும்போது உண்டான உதறலை சென்டர் பேரிங்கின் ரப்பர் இரண்டு வாரம் விழுங்கிக்கொண்டிருந்தது. பழைய ரப்பர், ஓரிடத்தில் கிழிந்ததும் உதறல் சேஸில் இறங்கிக் குமுறலாயிற்று. மூட்டை ஏற்றினால் வில் அமுங்கும், ஷாஃப்ட் ஏறத்தாழ நேர்க்கோட்டுக்கு வரும், சத்தம் அடங்கும். நான் பட்டறைகளுக்குக் கொண்டுபோனதெல்லாம் காலையில், மூட்டைகளோடு. மாமாவை ஏற்றிக்கொண்டு போனதும் காலையில், மூட்டைகளோடு.

"இப்படியே விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"பேரிங் போகும். அப்புறம் மூட்டு போகும். முன்மூட்டு ஓட்டத்துல அறுந்தா ஷாஃப்ட் தரையில குத்தும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சேர்த்த பட்டைகளை இரண்டு பக்கமும் கழற்றினார்கள். ₹1,800-க்குப் புது சென்டர் பேரிங். கூலி தனி. இரண்டு மணி நேர வேலை. பட்டைகளை ஒரு சாக்கில் சுற்றி என் காலடியில் வைத்தார்கள். அன்று காலியாகத் திரும்பியபோது மூன்றாம் கியரில் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. பையன் தூங்கிப்போனான்.

அன்றிரவே மாமா வீட்டுக்குப் போனேன். 60,000 ரூபாயை மஞ்சள் பையில் வைத்து எடுத்துப்போயிருந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்து அமைத்துக் கலைத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். பட்டையை நான் சேர்த்ததை முதலில் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, "எத்தனை பட்டை?" என்றார்.

"பக்கத்துக்கு ஒண்ணு."

"எனக்கும் தோணும். ஒவ்வொரு வெங்காயக் காட்டுக்கும் தோணும்" என்றார். பையை வாங்கி, எண்ணாமல், உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் போனில் கேட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "சாப்டியா?" என்று கேட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் செய்துவிட்டார். அது இன்றுவரை முடிக்கப்படாமலே இருக்கிறது.

அடுத்த வாரம் அவராகவே வந்து வண்டியில் ஏறினார். இந்த முறை சந்தையில் காத்திருந்து, காலி வண்டியில் என்னோடு திரும்பினார். கண்ணை மூடி, கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். கள்ளிமந்தையம் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கடகட ஒலி. நான் பதறி வேகத்தைக் குறைத்தேன்.

"அது பின்கதவுச் சங்கிலி" என்றார் கண்ணைத் திறக்காமல். "வாங்கின நாள்லேர்ந்து இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டபோது, உள்ளே போய் அலமாரியைப் பார்த்தேன். மேல்தட்டில் ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. நான் எடுத்துப்போனது, மூன்று வருடம் ஆகிவிட்டது. மறுநாள் கொண்டுபோய் வைத்தேன்.